முதுகு நிறைய டாட்டூவா? ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி என்று எங்கே போட்டாலும், பெரிய டாட்டூவுக்குக் கூலியை மட்டும் பார்த்து ஆளைப் பிடிக்காதீர்கள். போட்ட அன்று எடுத்த படம் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். ஓராண்டு கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள், அதுவும் நம் மாநிறத் தோலில் போட்டதாக. கோடு கசிந்து தடித்திருக்கிறதா, நிழல் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். முகம் வரைவதில் கைதேர்ந்தவருக்கு நுணுக்கமான கோட்டு வேலை வராமல் போகலாம்.

ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கட்டும். ஹெபடைடிஸ் பி ஏற்கெனவே பயன்படுத்திய ஊசி வழியே தொற்றும்.

விமானப்படையில் சேர ஆசையா? முதுகு வேண்டவே வேண்டாம். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. பழங்குடி மரபுப் பச்சைக்கு விலக்கு உண்டு. யாராக இருந்தாலும், டாட்டூ போட்ட பிறகு 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது.