துருப்பிடித்த கட்டிலும் புதுப்பூச்சும்



இடம்பெயர்ந்தவர்களின் வீட்டில் தளபாடங்கள் சோடி சேர்வது அரிது. அலுமாரி உறவினர் தந்ததாக இருக்கும். மேசை நிவாரணத்தில் கிடைத்திருக்கும். இரும்புக் கட்டிலோ உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஊரூராக வந்திருக்கும். "இந்தத் துருப்பிடிச்ச கட்டிலை வித்துப்போடுவமா, சுவாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். சட்டமும் கால்களும் உறுதியாக இருந்தால், ஒற்றைக் கட்டிலுக்கு அரை லீற்றர் எனாமல் பெயின்றும் மூன்று நாள் வேலையும் போதும்.

இரும்பில் ஈரமும் காற்றும் சேரும்போது துரு உண்டாகிறது. கடற்கரைப் பகுதியில் உப்பு அதை விரைவுபடுத்தும். துருவின் மேலேயே பூசினால், அது உள்ளே வளர்ந்து பூச்சைப் பொருக்காக உதிர்த்துவிடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2013இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய கட்டில்களின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஈயத்தூசு சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உரஞ்சவோ நெருப்பில் எரிக்கவோ கூடாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அருகில் நிற்கக்கூடாது.

வேலை முறை:

1. மழையில்லாத நாட்களைத் தெரிவுசெய்யுங்கள். கட்டிலை வெளியே, கிணற்றுக்குத் தூரமாக, விரித்த பொலித்தீனின் மேல் வையுங்கள்.

2. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நீரில் நனைத்த அரத்தாளால் துருவையும் உதிரும் பூச்சையும் தேய்த்து அகற்றுங்கள். உதிர்ந்தவற்றைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தோட்டத்தில் கொட்டவேண்டாம். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

3. ஈரத்துணியால் துடைத்து உடனே வெயிலில் உலர்த்துங்கள். வெற்றிரும்பு ஓரிரவிலேயே மீண்டும் துருப்பிடிக்கும். ஆகவே அன்றே ரெட் ஒக்சைட் முதற்பூச்சைப் பூசுங்கள். மூட்டுகளையும் கால்களின் அடியையும் மறக்காதீர்கள்.

4. மறுநாள் எனாமலை மெல்லியதாகப் பூசுங்கள். அதற்கடுத்த நாள் இரண்டாம் பூச்சு. தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் வழிந்து, உள்ளே காயாமல் நிற்கும்.

அலுமாரியின் நிறத்தோடு ஒத்துப்போக விரும்பினால், அதன் இழுப்பறை ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். நிறத்தை மட்டுமல்ல, பளபளப்பையும் ஒப்பிடுங்கள். முதலில் கட்டிலின் மறைவான இடத்தில் சிறிது பூசி, காய்ந்தபின் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு. இரு நிறங்களைக் கலப்பதானால் ஒரே வகை எனாமலையே கலந்து, முழு வேலைக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலவுங்கள். இரண்டாம் கலவை முதலாவதைப் போல் அமைவது கடினம்.

அலுமாரியும் கட்டிலும் ஒரே நிறமாகும்போது, இரவல் கொட்டிலும் வீடாகத் தோன்றும். இது ஆடம்பரமல்ல. பல இடங்களிலிருந்து வந்தவை ஒன்றாக வாழக் கற்றுக்கொள்வதன் அடையாளம். ஆனால் வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் எச்சரித்ததை (மத்தேயு 23:27) நினைவில் கொள்வோம். உள்ளே துருவை விட்டுவிட்டு வெளியே நிறம் பூசுவது கட்டிலுக்கும் உதவாது, மனிதருக்கும் உதவாது.

குழுவில் கலந்துரையாட: எம் வீட்டில் எறியாமல் திருத்தக்கூடிய பொருட்கள் எவை? எம் குடும்பத்திலும் கிராமத்திலும் பூசி மறைக்காமல் தேய்த்து அகற்றவேண்டிய துரு எது?