மணநாளும் மறுநாளும்

நுழையும்முன்

திருமணம் ஒரு நாளில் நிறைவுறுகிறது. இல்லறம் வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. ஒருநாள் விழாவிற்காகப் பல்லாண்டு உழைப்பை ஈடுவைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. திருமணத்தில் எதைக் குறைக்கலாம், எதற்குச் செலவிடலாம் என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரை வாழ்வின்வழி இப்பாடம் ஆராய்கிறது.

கடலும் வருவாயும்

கொற்கை முத்தால் புகழ்பெற்றது தூத்துக்குடிக் கடற்பகுதி. எனினும் முத்துக்குளித்தல் ஆண்டுதோறும் நடைபெற்ற தொழில் அன்று. சிப்பிகள் போதிய அளவு விளைந்த ஆண்டுகளில் மட்டுமே நடைபெற்றது. 1961ஆம் ஆண்டிற்குப்பின் அத்தகைய பெரிய முத்துக்குளிப்பு இங்கு நிகழவில்லை.

இன்றைய தொழில்களிலும் வருவாய் ஒரே சீராக இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளங்களில் உற்பத்தி நின்றுவிடும். வருவாய் நின்றாலும் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்பதில்லை.

திருமணத்திற்காக ஒரு குடும்பம் 3,00,000 ரூபாயை, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவதாகக் கொள்வோம். மாதவட்டி 6,000 ரூபாய். 50 மாதங்களில் வட்டி மட்டுமே முதலுக்கு இணையாகிவிடும். முதலோ அப்படியே நிற்கும். மணமக்களின் குழந்தை பள்ளிக்குச் செல்லும் காலத்திலும் பந்தற்செலவின் கடன் தீர்ந்திருக்காது.

குறைக்க வேண்டியவை

மேடை அலங்காரம், ஆடம்பர அழைப்பிதழ், உண்ண இயலாத அளவிற்கு இலையில் குவிக்கப்படும் பண்டங்கள் ஆகியவை மணநாளோடு முடிந்துவிடுபவை. ‘ஊர் என்ன சொல்லும்?’ என்னும் அச்சமே இச்செலவுகளை வளர்க்கிறது. நகையைச் சேமிப்பு என்பர். அவசர வேளையில் அது கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பக் கிடைப்பதில்லை.

வரதட்சணையோ குறைக்க வேண்டியதன்று, நீக்க வேண்டியது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி அதனைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாகும்.

செலவிடத் தக்கவை

சிக்கனம் என்பது உறவைச் சுருக்குவதன்று. துன்பக் காலத்தில் துணைநின்ற உற்றாருக்கும் அண்டை அயலாருக்கும் மனநிறைவோடு உணவளிப்பது நற்செலவே. மொய் எழுதும் வழக்கமும் ஒருவருக்கு ஒருவர் உதவுவதற்குத் தோன்றியதே. மொய்ப்பணம் திரும்பிவரும் என நம்பிச் செலவைப் பெருக்குவதுதான் பிழை. பெற்ற மொய்யை மற்றொரு நாள் திருப்பிச் செய்தாக வேண்டும்.

புதுக்குடும்பத்தின் கைமுதல், மணமகளின் கல்வி, தொழிற்கருவி ஆகியவற்றிற்கு இடும் பணம் மணநாளுக்குப் பின்னும் பயன்தரும். திருமணப் பதிவும் தவிர்க்கக் கூடாதது. 2009ஆம் ஆண்டின் சட்டம் தமிழ்நாட்டில் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது.

அரசின் தெரிவு

குடும்பங்களைப் போலவே அரசும் இவ்வினாவை எதிர்கொண்டது. ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம் 1989இல் தொடங்கப்பட்டது. 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கமும், பின்னர் 8 கிராமும் வழங்கப்பட்டன. 2022இல் இது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. ‘புதுமைப் பெண்’ எனப்படும் இத்திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்ற மாணவியர் உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் பெறுகின்றனர். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் இதனை விரிவாக்கும் விழா 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியிலேயே நடைபெற்றது.

மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒரு மாணவி பெறும் தொகை 36,000 ரூபாய். தொகை சிறிது, எனினும் படிப்பை முடித்துத் தன் வருவாயில் நிற்கும் பெண், தன் திருமணச் செலவைத் தானே முடிவுசெய்யும் உரிமையையும் பெறுகிறாள்.

தெரியுமா?

முதல் சுயமரியாதைத் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் நடைபெற்றது. இத்தகைய எளிய திருமணங்களுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 1967இல் சட்ட ஏற்பு வழங்கியது.

கற்பவை கற்றபின்...

1. நும் ஊர்த் திருமணம் ஒன்றின் செலவுகளை ‘மணநாளோடு முடிபவை’, ‘மறுநாளும் பயன்தருபவை’ எனப் பிரித்துப் பட்டியலிடுக.
2. ‘கடன் வாங்காத திருமணமே சிறந்த சீர்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.