டர்போ வைத்தால் போதுமா?

நம் சங்கத்துப் பிள்ளைகளில் கார் பைத்தியம் பிடித்தவர்கள் நாலைந்து பேராவது தேறுவார்கள். பழைய பெட்ரோல் கார் ஒன்றை மலிவாக வாங்கி, அதில் ஒரு டர்போவைப் பொருத்தி, உடுமலை வழியாக மூணாறு மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ரயில் எஞ்சினில் காலம் கழித்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம், பணம் அவர்களுடையது அல்லவா?

டர்போ எங்களுக்குப் புதிதல்ல. டபிள்யு.டி.எம்.2 டீசல் எஞ்சினை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி, ஆல்கோ வடிவமைப்பு. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். டிரைவர் நாட்சை ஏற்றியவுடன் கூரையிலிருந்து குபுகுபுவென்று கரும்புகை வரும்; சற்று நேரத்தில் தெளிந்துவிடும். டீசல் முதலில் போய்விடுகிறது, டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தரச் சில வினாடி ஆகிறது என்பதுதான் அதன் பொருள். டீசலில் காற்று குறைந்தால் புகை வரும், சூடு ஏறும். ஆனால் உடனே ஒன்றும் உடைந்துவிடாது.

பெட்ரோல் எஞ்சினில் விஷயம் தலைகீழ். அங்கே காற்று கூடி, பெட்ரோல் அதற்கு ஈடாக வராவிட்டால்தான் ஆபத்து. கலவை மெலிந்து, அறைக்குள் சூடு ஏறி, தீப்பொறியின் சுடர் போய்ச் சேருமுன் மூலையில் கிடக்கும் கலவை தானே வெடிக்கும். தகர டப்பாவில் காசைப் போட்டுக் குலுக்குவது போன்ற அந்தச் சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். சில வினாடி நீடித்தாலே பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடலாம். ஆகவே பெட்ரோல் காருக்கு டர்போ வைக்கிறேன் என்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த டர்போ என்பதல்ல; கூடுதல் காற்றை அளப்பது யார், அதற்கேற்றபடி பெட்ரோலை அளந்து கொடுப்பது யார் என்பதே.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. என் தம்பி மகன் மூணாறில் இருக்கிறான். அவனிடம் 1.3 லிட்டர் எஸ்டீம் ஒன்று இருந்தது. 85 குதிரைசக்தி தரும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார் என்றால், 1500 மீட்டர் உயரத்தில் அது 0.85 பாருக்குச் சற்றுக் குறைவு. அதாவது மூணாறில் எந்தச் சாதாரண எஞ்சினும் தன் சக்தியில் ஆறில் ஒரு பங்கை இழந்துவிட்டுத்தான் ஓடுகிறது. அதை ஈடுகட்ட 0.35 பார், அதாவது 5 பி.எஸ்.ஐ. அளவு சிறிய பூஸ்ட் போதும் என்று பையன் கணக்குப் போட்டான். கணக்கில் தவறில்லை. வேலை செய்தவர் டர்போவைப் பொருத்தி, கம்பெனி ஈ.சி.யு.வை அப்படியே விட்டுவிட்டு, பெட்ரோல் குழாயில் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் ஒன்றை மட்டும் மாட்டினார். பூஸ்ட் ஏற ஏற அது பெட்ரோலின் அழுத்தத்தையும் ஏற்றும். இன்ஜெக்டர் அதே நேரம் திறந்தாலும் அதிகம் பீச்சும். இருப்பதிலேயே மலிவான வழி இதுதான். மூணாறிலேயே ஓட்டி, காதால் கேட்டுச் சரிசெய்தார்கள். "பெரியப்பா, தேவிகுளம் ஏத்தத்துல மூணாவது கியர்லயே போவுது" என்று போனில் ஒரே குதூகலம்.

2017 சித்திரை வருடப்பிறப்புக்கு மனைவி, குழந்தையோடு பாலக்காடு புறப்பட்டான். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று இறங்கியவரை ஒன்றுமில்லை. கொழிஞ்சாம்பாறை தாண்டி ஒரு லாரியை முந்தும்போது முழு மூச்சாக மிதித்திருக்கிறான். காசு குலுங்கும் சத்தம். அடுத்த கணம் வண்டிக்கு இழுவை இல்லை. எதிரே பஸ். லாரிக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு பிரேக் பிடித்து வழிவிட்டதால் மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு துண்டாகக் கையில் வந்தது.

மலையேற்றத்தில் தாங்கிய எஞ்சின் சமதளத்தில் ஏன் உடைந்தது? இரண்டு நாள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். பூஸ்ட் அளவைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் சுருள்வில் ஒரு பக்கம் பூஸ்டையும் மறுபக்கம் வெளிக்காற்றையும் பார்க்கிறது. ஆகவே எங்கே போனாலும் அது வெளிக்காற்றுக்கு மேல் 0.35 பார் தரும். மூணாறில் மொத்த அழுத்தம் 0.845 + 0.35, அதாவது 1.2 பாருக்குச் சற்றுக் குறைவு. பாலக்காட்டில் 1.35 பார். காற்று 13 சதம் அதிகம். ஆனால் அந்த ரெகுலேட்டரும் வெளிக்காற்றை வைத்துத்தான் பூஸ்டை அளக்கிறது. இரண்டு ஊரிலும் அதற்கு 0.35 என்றே தெரியும். கம்பெனி ஈ.சி.யு.வுக்கோ டர்போ என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதன் அழுத்த உணரி சாதாரண காற்றழுத்தத்துக்காகச் செய்தது. 1 பாருக்குச் சற்று மேல் போனால் அதற்குக் கண் இல்லை. இரண்டுமே இரண்டு ஊரிலும் ஒரே அளவு பெட்ரோலைத்தான் கொடுத்தன. போதாததற்கு, சூடான காற்று வருகிறது என்று வெப்ப உணரி சொன்னதைக் கேட்டு ஈ.சி.யு. பெட்ரோலைச் சிறிது குறைத்தும் இருக்கும். மூணாறில் லாம்டா 0.85 என்று இருந்திருந்தால், இங்கே அது 0.96.

லாம்டா என்றால், இருக்கும் காற்றை முழுதும் எரிக்கத் தேவையான பெட்ரோல் சரியாக இருந்தால் 1. பெட்ரோல் கூடுதலானால் 1-க்குக் கீழே. பூஸ்டில் ஓடும்போது 0.80 முதல் 0.85 வரை இருப்பது நல்லது. கூடுதல் பெட்ரோல் அறையைக் குளிர்விக்கும்.

சூட்டையும் சேருங்கள். சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் என்பது உங்களுக்குத் தெரியும். 35 டிகிரிக் காற்றை 1.35 பாருக்கு அமுக்கினாலே, சுமாரான டர்போவில் அது 75 டிகிரிக்கு மேல் சூடாகி வெளிவரும். இன்டர்கூலர் வைக்கவில்லை. தீப்பொறியின் நேரத்தையும் யாரும் பின்தள்ளவில்லை. ஒரு பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கு ஒரு டிகிரியாவது பின்தள்ள வேண்டும் என்பது தொழிலில் உள்ள பொதுக்கணக்கு.

மலிவான இந்த ரெகுலேட்டர் முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. இன்ஜெக்டர் பீச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 35 சதம் கூடுதல் பெட்ரோல் வேண்டுமானால் 3 பார் அழுத்தத்தை ஐந்தரை பாருக்கு ஏற்ற வேண்டும். பழைய பம்ப் அதற்கு மூச்சு வாங்கும். ஒரே ஊரில், ஒரே உயரத்தில், 2, 3 பி.எஸ்.ஐ.க்குள் ஓடும் வண்டிக்கு இதை ஒப்புக்கொள்ளலாம். நம் பக்கத்துக்கு, அதாவது காலையில் பாலக்காடு, மாலையில் மூணாறு என்று போகிறவர்களுக்கு, நான் சொல்லமாட்டேன்.

அடுத்த படி பிக்கிபேக் எனப்படும் இடைச்செருகல் பெட்டி. உணரிகளுக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவில் உட்கார்ந்து, உணரி சொன்னதை மாற்றிச் சொல்லும். இதில் தீப்பொறியையும் பின்தள்ளலாம் என்பது நல்ல அம்சம். ஆனால் அடிப்படையில் இது ஈ.சி.யு.விடம் பொய் சொல்லும் வித்தை. ஈ.சி.யு. மெதுவாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் தன்மை உடையது. நாம் சொன்ன பொய்யைச் சில வாரத்தில் அது சரிக்கட்டிவிடும்.

மூன்றாவது வழி, பழைய ஈ.சி.யு.வை எடுத்துவிட்டுத் தனி ஈ.சி.யு. வைப்பது. ஒருகாலத்தில் பந்தயக்காரர்களுக்கு மட்டுமே எட்டிய பொருள். 2001-ல் அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவர்ட் என்ற பெயரில், வாங்கியவரே சால்டர் வைத்துச் சேர்க்கும்படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இப்போது ஸ்பீடுயினோ என்று இன்னொன்று இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் புராஜக்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் ஓடுகிறது. வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. இவை இரண்டிலும் பரவலாக வைக்கும் அழுத்த உணரி 0.2 முதல் 2.5 பார் வரை அளக்கும். முக்கியம் என்னவென்றால், அது வெளிக்காற்றோடு ஒப்பிடாமல், வெற்றிடத்திலிருந்து மொத்த அழுத்தத்தை அளக்கிறது. மூணாறில் 1.2, பாலக்காட்டில் 1.35 என்று அதற்குத் தெரியும். அட்டவணையில் அந்தந்தக் கட்டத்துக்கு எழுதிய பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் கொடுக்கும். நம் பையனின் எஞ்சினைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த ஒரு வித்தியாசம்தான்.

ஆனால் அட்டவணையை நிரப்ப மனிதன் வேண்டும். அவனுக்குக் கண் வேண்டும். கம்பெனி ஆக்சிஜன் சென்சார் 1-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். 0.82-க்கும் 0.92-க்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. பாஷ் எல்.எஸ்.யு. 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சாரும் மீட்டரும் ஏறக்குறைய ஒரு செட் டயர் விலை. பலகையில் மிச்சம் பிடியுங்கள், டர்போவைப் பழையதாக வாங்குங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மீட்டர் இல்லாத பட்டறையில் டர்போ வண்டியை விடுவதும், பிரஷர் கேஜ் இல்லாத ரயிலை மலையிறக்குவதும் எனக்கு ஒன்றுதான்.

பழைய அட்டவணையை அப்படியே நம்பவும் வேண்டாம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் எத்தனால். அதைச் சரியாக எரிக்க, கலப்பில்லாத பெட்ரோலைவிட எடையில் 8 சதம் வரை அதிகம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைத் திருத்திவிடும். முழு மிதியில் திருத்தாது. நாக்கிங்கை எத்தனால் நன்றாகவே தாங்கும் என்பது ஆறுதல்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நாங்கள் முதலில் செய்தது இதை அறியாமல் செய்த தவறு. டர்போ வேண்டும், சாலையிலும் ஓட வேண்டும் என்பவர் கம்பெனியே டர்போ வைத்து விற்கும் காரை வாங்கிக்கொள்வதே சரி. 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ். போன்றவை பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கும்.

எஸ்டீம் இப்போது சாலையில் ஓடுவதில்லை. புது பிஸ்டன், இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், ஸ்பீடுயினோ எல்லாம் வைத்து, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை லாரியில் ஏற்றிக் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோகிறான். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் செய்த கரிவரதன் பெயரில் அமைந்த ஓடுதளம் அது. முதல் தடவை நானும் போயிருந்தேன். உயரம் சுமார் 400 மீட்டர். எஞ்சினைக் கிளப்புமுன் உணரி 0.96 பார் காட்டியது. சரிதான் என்று தலையாட்டினேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாவது சுற்றில் நேர்ப்பாதையில் முழுதாக மிதித்தான். மொத்த அழுத்தம் 1.31, லாம்டா 0.82. "என்ன பெரியப்பா, இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?" என்றான். இன்டர்கூலருக்குப் பின்னால் காற்றின் சூடு 58 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. அது ஐம்பதுக்குக் கீழே வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.