குகை ஊருக்குப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

பாரிஸ்ல சுத்தி முடிச்சுட்டு, "கிராமம்தானே, போய்ப் பார்த்துக்கலாம்"னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புறவங்கதான் கடைசியில மூடின கேட்டுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு வர்றாங்க. அதுலயும் தென்மேற்கு பிரான்ஸ்ல தோர்தோன் மாவட்டத்துல இருக்கிற லேஸேஸி மாதிரி ஊருக்கு, யோசிக்காமப் போகவே கூடாது.

ஊர் ரொம்பச் சின்னது. ஒரு பக்கம் வெஸேர் ஆறு, இன்னொரு பக்கம் தலைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற சுண்ணாம்புப் பாறை, நடுவுல ஒரு தெரு. ஆனா அந்தப் பள்ளத்தாக்குல ஆதிமனுஷங்க வாழ்ந்த, வரைஞ்ச இடங்கள்ல 15-ஐ 1979-லயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. பதினஞ்சையும் பார்த்துடணும்னு ஆசைப்படாதே. எல்லாத்துக்கும் உள்ளேயும் விட மாட்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு நிஜக் குகை, அதுவும் காலையில. மிச்சதெல்லாம் அதைச் சுத்தி.

1. முதல்ல குகை டிக்கெட், அப்புறம்தான் ரயில் டிக்கெட்

எல்லாரும் தலைகீழா பண்றது இதைத்தான். ரூம், கார் எல்லாம் போட்டுட்டு, கடைசியில குகைக்கு இடம் தேடுவாங்க. ஃபோன்-த-கோம் குகைதான் இந்த ஊரோட உயிர். 1901-ல வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது. பல வண்ணத்துல வரைஞ்ச நிஜ ஓவியங்களை இன்னைக்கும் பொதுமக்கள் நேர்ல பார்க்க முடியிற குகைகள் ரொம்பக் குறைச்சல். அதுல இது ஒண்ணு. நம்ம மூச்சுக் காத்தே ஓவியத்துக்கு எமன்கிறதால சின்னச் சின்னக் குழுவாதான் விடுவாங்க. சீட்டு சீக்கிரம் தீர்ந்துடும். வார விடுமுறை நாள் எது, இங்கிலீஷ்ல விளக்குற நேரம் எதுன்னு புக் பண்ணும்போதே பார்த்துக்கோ.

டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து குகை வாசலுக்கு ஏத்தமான பாதை. பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடு. மூச்சு வாங்கிக்கிட்டு உள்ளே நுழைஞ்சா பாதி விளக்கம் காதுல விழாது. பெரிய பையை விட மாட்டாங்க, போட்டோவும் கிடையாது. நல்லதுதான், கண்ணால பாரு. வழிகாட்டி விளக்கை மெதுவா நகர்த்தும்போது பாறையோட புடைப்பே காட்டெருமையோட வயிறா எழும்பி வரும். ஒரு குதிரைக்கு, சுவர்ல தானா உறைஞ்சு நின்ன சுண்ணாம்புக் கசிவே பின்னங்காலா ஆயிருக்கும். கலைமான் ஜோடி ஒண்ணு இருக்கு. ஒண்ணு மண்டியிட்டிருக்க, இன்னொண்ணு குனிஞ்சு அதோட நெத்தியை நக்குற மாதிரி. நிறம் மங்கிப் போயிருக்கு, கோட்டைத் தேடித்தான் பார்க்கணும். "எங்கே, எங்கே"ன்னு கேட்க வெட்கப்படாதே. விளக்கு நகர்ந்துட்டா அவ்வளவுதான்.

இடம் கிடைக்கலையா? பக்கத்துலயே கோம்பரேல் குகை. அங்கே பெரும்பாலும் பாறையில கீறின உருவங்கள்தான். அதுக்கும் முன்பதிவு வேணும்.

2. "நிஜ லாஸ்கோ எங்கே?"ன்னு சண்டை போடாதே

லாஸ்கோ, 1940 செப்டம்பர்ல நாலு பசங்க கண்டுபிடிச்ச ஓவியக் குகை. 1948-ல திறந்து, கூட்டம் கூட்டமா விட்டதுல பாசி படிஞ்சு ஓவியம் கெட ஆரம்பிச்சதும், 1963-ல மூடிட்டாங்க. இனி யாருக்கும் கிடையாது. இப்போ மோந்தினியாக் ஊர்ல இருக்கிறது 2016-ல திறந்த முழு நகல், லாஸ்கோ 4-ன்னு பேரு. "நகலைப் பார்க்க அவ்வளவு தூரமா?"ன்னு உதட்டைப் பிதுக்காதே. ஓவியம் பளிச்சுனு தெரியறது இங்கேதான். வயசானவங்க, வீல்சேர்ல வர்றவங்க இருந்தா மலைப்பாதைக் குகையை விட்டுட்டு இதையே பாருங்க. இதுக்கும் நேரம் குறிச்ச டிக்கெட்தான்.

3. குழந்தைங்க இருந்தா ரூஃபினியாக்

இங்கே குட்டி மின்சார ரயில்ல உட்கார வெச்சு மலைக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. அதனால பிள்ளைங்க நச்சரிக்காது. மாமூத்னு சொல்ற ரோமம் படர்ந்த யானைங்கதான் சுவர் பூரா. குகைக் கரடிங்க சுவர்ல நகத்தால கீறின தடமும், குளிர் காலத்துல சுருண்டு தூங்கத் தோண்டின பள்ளமும் அப்படியே இருக்கு. பிள்ளைங்களுக்கு ஓவியத்தை விட அதுதான் பிடிக்கும். கடைசியில வர்ற பெரிய கூரை ஓவியத்துக்குக் கீழ இப்போ நாம நிமிர்ந்து நிக்கிறோம். தரையை வெட்டி இறக்கியிருக்காங்க. வரைஞ்சவன் நிமிர முடியாம மல்லாந்து படுத்துதான் வரைஞ்சிருக்கணும். அதே கூரையில, ஒரு இருநூறு வருஷத்துக்கு முன்னாடி வந்தவங்க மெழுகுவத்திப் புகையால பேர் எழுதி வெச்சிருக்கறதையும் பாரு. கோயில் மண்டபத் தூண்ல பேர் கிறுக்குற நம்ம ஆளுங்க மாதிரியேதான்!

குளிர் காலத்துல இந்தக் குகை மூடியிருக்கும். மதியமும் இடைவேளை உண்டு.

4. மதியம் 12 மணியிலிருந்து 2 மணி வரை ஊரே தூங்கும்

கடை, சின்ன மியூசியம், தகவல் மையம், எல்லாத்துக்கும் பூட்டு. அந்த நேரத்துல சாப்பாடு மட்டும்தான் கிடைக்கும். 2 மணிக்கு மேல போனா அதுவும் கிடைக்காது. ராத்திரி 7-க்கு முன்னாடி அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. அதனால:

- காலையிலேயே பேக்கரியில ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பழம் வாங்கிப் பையில போட்டுக்கோ. திங்கள்கிழமை பல கடைங்க லீவு. ஞாயிறு மதியத்துக்கு மேல சூப்பர் மார்க்கெட்டையும் நம்பாதே.
- மத்தியானம் லா ரோக் சேன்-கிறிஸ்தோஃப்புக்குப் போ. ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரப் பாறைச் சுவர். அதோட மடிப்புகள்ல அடுக்கடுக்கா ஒரு ஊரே இருந்திருக்கு. உத்தரம் சொருகப் பாறையில வெட்டின குழிகளைப் பார்த்தாலே எங்கே கூரை, எங்கே தளம்னு புரிஞ்சுடும். உன் இஷ்டத்துக்கு நடந்து பார்க்கலாம், வழிகாட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனா படிக்கட்டு நிறைய. தள்ளுவண்டியோட போகாதே, கைக்குழந்தையை இடுப்புல கட்டிக்கோ.
- லேஸேஸியில இருக்கிற தேசிய ஆதிமனுஷ மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை போய் நிக்காதே. ஜூலை, ஆகஸ்ட் தவிர அன்னைக்கு விடுமுறை. குகை பார்க்கிறதுக்கு முன்னாடி போனா கல் கல்லாதான் தெரியும். பார்த்துட்டுப் போ.

5. காரைப் பத்தி

பெரிகு ஊரிலிருந்து லேஸேஸிக்கு ரயில் உண்டு, அரை மணி நேரப் பயணம். ஆனா நாளைக்குச் சில வண்டிதான். ஊருக்குள்ள இருக்கிறதை நடந்தே பார்த்துடலாம். ரூஃபினியாக்குக்கும் மோந்தினியாக்குக்கும் கார் இல்லாம முடியாது. ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்கூட்டியே கேளு, வாடகைக்குக் கிடைக்கிறதுல நிறைய கியர் வண்டிதான். நம்ம ஊர் லைசென்ஸோட சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் எடுத்துட்டுப் போ.

ஊர்ப் பேர் போர்டு தாண்டினாலே வேகம் 50-க்கு இறங்கணும், தனியா எழுதி வைக்க மாட்டாங்க. அதே பேரைச் சிவப்புக் கோட்டால அடிச்ச போர்டு வந்தா ஊர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். சின்னத் தெரு சந்திப்புல எந்த போர்டும் இல்லைன்னா வலது பக்கத்திலிருந்து வர்றவனுக்குத்தான் வழி. அவன் நிக்காமத்தான் வருவான்.

6. உடுப்பு

வெளியில 35 டிகிரி வெயில் அடிச்சாலும் குகைக்குள்ள 13 டிகிரிதான். ஸ்வெட்டர் ஆளுக்கு ஒண்ணு கட்டாயம். புடவையும் ஹீல்ஸும் போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஈரப் பாறைக்கு ஆகாது.

7. சைவமா? இதைக் கவனி

வாத்துக் கறிக்குப் பேர் போன ஊர். "வெறும் உருளைக்கிழங்கு வறுவல்தானே"ன்னு சர்லா உருளைக்கிழங்கை வாங்கிடாதே, அது வாத்துக் கொழுப்புல வதக்கினது. சாலட்லயும் சத்தமில்லாம வாத்து ஈரல் துண்டு வரும். சூடான ஆட்டுப்பால் சீஸ், வால்நட் போட்ட சாலட்னு கேட்டு, கறி வேண்டாம்னு அழுத்திச் சொல்லு. முட்டை சாப்பிடுவேன்னா காளான் ஆம்லெட் அருமை. தண்ணிக்குக் காசு கொடுக்காதே; குழாய்த் தண்ணி ஒரு ஜாடின்னு கேட்டா சும்மா கொடுக்கணும். எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் முதல் வார்த்தை "போன்ஷூர்". வணக்கம் சொல்லாம விலை கேட்டா முகத்தைத் திருப்பிப்பாங்க, அது உன் தப்பு.

8. ஆறும் காடும்

காசு கொடுக்காம கிடைக்கிற சந்தோஷம் இதுதான், இதை விட்டுட்டு வராதே. காட்டுப் பாதையில மஞ்சள் கோடு போட்டிருந்தா உள்ளூர் நடைபாதை, வெள்ளை-சிவப்பு போட்டிருந்தா நீண்ட பாதை. பெருக்கல் குறி வந்தா வழி தப்புன்னு அர்த்தம், திரும்பிடு. புல்லுக்குள்ள உண்ணி இருக்கும், முழு பேன்ட் போடு, ராத்திரி குளிக்கும்போது காலைப் பாரு. இலையுதிர் காலத்துல ஆரம்பிச்சு பிப்ரவரி வரை வேட்டைக்காரங்க நடமாட்டம். வேட்டை நடக்கிறதா போர்டு வெச்சிருந்தா அந்தப் பக்கமே போகாதே, பளிச்சுனு கலர் சட்டை போட்டுக்கோ.

வெயில் காலம்னா வாடகைப் படகு எடு. வெஸேர் ஆறு சாதுதான். சேன் லெயோன் ஊர்ல ஏறினா லேஸேஸி வரை தண்ணியே இழுத்துட்டு வரும்; போற வழியில லா ரோக் பாறையையும் லா மத்லேன் குகைக் குடியிருப்பையும் கீழ இருந்தே பார்த்துடலாம். போன், பாஸ்போர்ட்டை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முல போட்டுத் திருகி மூடு. நீச்சல் தெரியாத பிள்ளையை ஏத்தாதே.

சர்லா ஊர்ச் சந்தை புதன், சனி. சனிக்கிழமை கூட்டம் தாங்காது, புதன் காலைல போய் வால்நட் மட்டும் வாங்கிட்டு வந்துடு.

மே, ஜூன் இல்லைன்னா செப்டம்பர்ல போ. ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், பிரான்ஸே அங்கேதான் இருக்கும். இப்பவே உட்கார்ந்து ஃபோன்-த-கோமுக்கு எந்தத் தேதியில இடம் இருக்குன்னு பாரு, அப்புறம் ரூம் போடு, அப்புறம் ரயில். தலைகீழா பண்ணிட்டு அங்கே இருந்து அக்காவுக்கு போன் போடாதே!