லடாக்: கேட்டதும் கண்டதும்

இமயத்துக்கு அப்பால் ஒரு நிலம். ஆண்டு முழுவதும் பனி மூடியது. மடாலயங்களும் துறவிகளும் அன்றி வேறொன்றும் இல்லாதது. லடாக் என்றதும் நம் மன்றத்து நண்பர் பலர் உள்ளத்தில் எழும் ஓவியம் இதுவே. பூகோள ஆய்வின் பொருட்டு அங்கே இரண்டு கோடைகளும் ஒரு குளிர்காலமும் தங்கியவன் என்ற முறையில், அவ்வோவியத்தின் கோடுகள் சிலவற்றைத் திருத்த விழைகின்றேன்.

முதலாவது பனி. லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகையினும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. குளிர் கடுமையே, மறுப்பதற்கில்லை. ஆனால் குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. மழை முகில்களை இமயம் தடுத்துவிடுவதால், லேயில் மழையும் பனியுமாக ஓராண்டில் விழுவது 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் 1,400! எனவே அது ஒரு குளிர்ப் பாலைவனம். சனவரியிலும் வானம் தெளிந்திருக்கும்; முதுகில் வெயில் சுடும், நிழலில் விரல் விறைக்கும்.

மழை அரிதாதலால் வீடுகள் மண்சுவரும் தட்டையான மண்கூரையும் கொண்டவை. 2010 ஆகஸ்டில் ஓரிரவு மேகம் உடைந்து கொட்டியபோது அவற்றுட் பல சேற்றில் கரைந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

'சுற்றிலும் பனிமலை; நீருக்கு என்ன குறை?' என்பர் சிலர். குறை அங்கேதான். பனியாறுகள் மிக உயரத்தில் இருப்பதால் அவை நன்கு உருகத் தொடங்கச் சூன் மாதம் ஆகிவிடும். வாற்கோதுமையை விதைப்பதோ ஏப்ரல், மே மாதங்களில். அந்த இடைவெளியில் வாய்க்காலில் வரும் சிறு நீரைப் பங்கிடச் சுர்பொன் என்றொருவரை ஊரார் அமர்த்துவர். நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டியைப் போன்றவர். செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர் வேறொரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடை நீரை, ஊருக்குச் சற்று மேலே மலைநிழலில் தடுத்து உறையவைத்தார். தாழ்ந்த இடமாதலால் அப்பனி விதைப்புக்கு வேண்டிய வேளையிலேயே உருகிப் பாயும். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பெற்றது. இத்தனை பாடுபட்டுச் சேர்க்கும் நீரை, கோடையில் சமவெளியிலிருந்து செல்லும் நாம் விடுதிக் குழாய்களைத் திறந்து கொட்டுகின்றோம். லடாக்கியரின் பழைய கழிப்பறைக்கு நீரே வேண்டா. மண்ணும் சாம்பலும் இட்டு எருவாக்கி வயலுக்கு அனுப்பிவிடுவர். அதனை அநாகரிகம் என்று ஏளனம் செய்தோரையும் கண்டேன். அவர்கள்மீது எனக்குச் சினமே வந்தது.

லடாக்கியர் அனைவரும் பௌத்தர் என்பதும் பிழை. 2011 கணக்கெடுப்பின்படி அங்குள்ள 2,74,289 பேரில் முஸ்லிம்களே பௌத்தரினும் மிகுதி. கார்கில் பகுதியில் பெரும்பாலோர் ஷியாக்கள். லே கடைத்தெருவின் பெரிய மசூதி 17ஆம் நூற்றாண்டினது. ஒதுங்கிக் கிடந்த ஊர் என்பதும் பொருந்தாது. யார்க்கண்டு, திபெத்து, காச்மீரம், பஞ்சாப் ஆகிய நான்கு திசை வணிகக் கூட்டங்களும் கூடிய சந்தை அது. எல்லைகள் மூடப்பட்ட பின்னரே அது கோடியாயிற்று.

குளிர்காலத்தில் மக்கள் முடங்கிக் கிடப்பர் என்பது கடைசி. வயல்வேலை ஓய்ந்தபின் அதுவே திருவிழாக் காலம். லோசார் என்னும் புத்தாண்டைத் திபெத்தியரினும் ஏறக்குறைய இரு மாதம் முன்னதாகக் கொண்டாடுவர். அக்குளிர்காலத்தில் நான் விருந்துண்ணாத வாரம் அரிது. அடுப்பைச் சுற்றி அமர்ந்து உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரைக் கிண்ணம் காலியாக விடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பர்.