எந்தச் சுருதி ஹார்மோனிகா?

அன்புள்ள தம்பிக்கு,

நண்பன் கிட்டாரில் ஜி ஸ்கேலில் ப்ளூஸ் வாசிக்க, நீயும் ஜி ஹார்மோனிகாவையே எடுத்திருக்கிறாய். சுருதி பிசகவில்லை, ஆனாலும் ரெக்கார்டில் கேட்கிற அந்த அழுகை வரவில்லை என்கிறாய். எப்படி வரும்? ஜி-யைக் கீழே வைத்துவிட்டு சி-யை எடு.

நீ பாட்டு கற்றவன், கிரக பேதம் தெரியும். சி ஹார்மோனிகாவில் இருப்பது சங்கராபரணம். அதன் பஞ்சமமான ஜி-யை ஸட்ஜமாக்கினால் ஹரிகாம்போஜி. ப்ளூஸ் கேட்கிற கைசிகி நிஷாதம் தானாக வந்துவிடும். அதைவிடப் பெரிய லாபம் மூச்சில். பத்துத் துளை ஹார்மோனிகாவில் ஊதினால் சி கார்ட். 2, 3, 4-ஆம் துளைகளை உறிஞ்சினால் ஜி, பி, டி. அதாவது ஜி கார்ட். கீழ்த் துளைகளில் உறிஞ்சும் ஸ்வரங்களைத்தான் நன்றாக வளைக்க முடியும். 3-ஆம் துளையை உறிஞ்சியபடியே நாக்கைப் பின்னுக்கு இழுத்து, பி-யை பி ஃப்ளாட் பக்கம் மெல்ல இறக்கு. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரத்தை நோக்கிச் சரியும். நீ தேடுகிற அழுகை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது. (இரட்டை ரீடு ட்ரெமோலோவில் இந்த வித்தை சரிப்படாது.)

இதற்கு கிராஸ் ஹார்ப் என்று பெயர். பாட்டின் ஸட்ஜத்துக்குச் சுத்த மத்யமம் எதுவோ, அந்த ஹார்மோனிகாவை எடு. ஈ-க்கு ஏ, ஏ-க்கு டி, டி-க்கு ஜி. லிட்டில் வால்ட்டர் 1952-இல் பதிவு செய்த ‘ஜூக்’ ஈ ஸ்கேல். அவர் கையில் இருந்தது ஏ ஹார்மோனிகா. அதைத் தேடிக் கேள், இந்தக் கடிதத்தைவிட நன்றாகப் புரியும்.

அதற்காக எல்லாப் பாட்டுக்கும் கிராஸ் வாசித்துக் கழுத்தறுக்காதே. பாப் டிலன் பாணியில், மெட்டு நேராகப் போகிற பாட்டுக்குப் பாட்டின் சுருதியே போதும். 4-ஆம் துளையிலிருந்து 7 வரை வாசி. அதற்குக் கீழே மத்யமமும் தைவதமும் நேரடியாகக் கிடைக்காது.

மைனர் பாட்டென்றால் ஒரு முழு ஸ்வரம் கீழே இறங்கு. டி மைனருக்கு சி ஹார்மோனிகா. ரிஷபம் ஸட்ஜமாகிக் கரகரப்பிரியா கிடைக்கும். ஆனால் கிட்டாரில் பி ஃப்ளாட் கார்ட் விழும்போது 7-ஆம் துளையை உறிஞ்சிவிடாதே. அங்கே இருப்பது பி, இரண்டும் முட்டிக்கொள்ளும். எல்லா மைனர் பாட்டுக்கும் இந்த வழி ஒத்துவராது.

இன்னொன்று, கிட்டார்காரன் விரலைப் பார்த்து ஸ்கேலை முடிவு செய்யாதே. ஜி கார்ட் பிடித்திருப்பான், கேப்போ இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும், வருவது ஏ. நீ டி எடுக்க வேண்டும். “என்ன ஸ்கேல்?” என்று கேட்டால் பிடிக்கிற கார்டின் பெயரைத்தான் சொல்வான், அது அவர்கள் வழக்கம். “கேப்போ எங்கே?” என்று கேள்.

வாங்குவதானால் சி, ஏ, டி, ஜி நான்கும் போதும். பன்னிரண்டு ஹார்மோனிகா கொண்ட பெட்டியைக் கடைக்காரர் நீட்டினால் மயங்காதே.

மேடை ஏறும் முன் கிட்டாரை உன் ஹார்மோனிகாவுக்குச் சுருதி சேர்க்கச் சொல். அவனுக்கு முறுக்காணி இருக்கிறது, உனக்கு இல்லை.

அன்புடன்,
அண்ணன்