அப்பாவோட எஃப்டி, உங்களோட எஸ்ஐபி: யார் கணக்கு சரி?

"மாசம் 60,000 வாங்குற, கையில என்னடா இருக்கு?" இது அப்பா.
"பேங்க்ல சும்மா போட்டு வெச்சா பணம் வளராதுப்பா." இது நாம.

தீபாவளிக்கு ஊருக்குப் போனா இந்தப் பேச்சு வராத வீடு கம்மி. அவர் கண்ணுக்கு நாம ஊதாரி, நம்ம கண்ணுக்கு அவர் பயந்தாங்கொள்ளி. கணக்குப் போட்டுப் பார்த்தா ரெண்டுமே தப்பு.

அப்பா காலத்துக் கணக்கு

1986-லிருந்து 2000 தொடக்கம் வரை பிபிஎஃப் வட்டி 12%. 72-ஐ வட்டியால வகுங்க: ஆறே வருஷத்துல பணம் இரட்டிப்பு, அதுவும் அரசாங்க உத்தரவாதத்தோட. அரசு வேலைன்னா பென்ஷனும் உண்டு. விலைவாசி ஏறினா அகவிலைப்படியும் ஏறும். இன்னொரு பக்கம், 1992 ஹர்ஷத் மேத்தா ஊழலையும், தொண்ணூறுகள்ல தமிழ்நாட்டுல மூடிட்டுப் போன ஃபைனான்ஸ் கம்பெனிகளையும் பார்த்தவர் அவர். பயம் சும்மா வரல.

நம்ம கணக்கு

2020 ஏப்ரல்ல பிபிஎஃப் வட்டி 7.1% ஆச்சு. இப்போ இரட்டிப்பாக பத்து வருஷம். 2004-லிருந்து மத்திய அரசு வேலையில சேர்ந்தவங்களுக்கே பெரும்பாலும் பழைய பென்ஷன் கிடையாது. தனியார் வேலையில இருக்கிற நாம, நீண்ட காலப் பணத்துல ஒரு பகுதியை ஈக்விட்டியில போடுறது சூதாட்டம் இல்ல, தேவை.

நான் தோத்த இடம்

2020 மார்ச். நான் சொந்தமா ஆபீஸ் தொடங்கி சில மாசம்தான். லாக்டவுன்ல ஃபீஸ் வரல, ஆபீஸ் வாடகை மட்டும் நிக்கல. மார்க்கெட் சரிஞ்சு என் எஸ்ஐபி முழுக்க நஷ்டத்துல. அப்பா ஒரு வார்த்தை பேசல. ஒரு எஃப்டியை உடைச்சு என் அக்கவுண்ட்ல போட்டார். "வளராத பணம்"னு நான் கிண்டல் பண்ண அதே எஃப்டி. அதனாலதான் என் யூனிட்டை அடிமாட்டு விலைக்கு விக்காம தப்பிச்சேன்.

என்ன செய்யலாம்?

1. ஆறு மாசச் செலவுக்கான பணம் எஃப்டியில. இது அப்பா வழி.
2. பத்து வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத பணம் இண்டெக்ஸ் ஃபண்டுல. இது உங்க வழி.
3. ஃபோனுக்கும் டூருக்கும் இஎம்ஐ வேண்டாம். இதுல அப்பா சொல்றதுதான் சரி.
4. அப்பாவோட உட்கார்ந்து எல்லா எஃப்டிக்கும் நாமினி இருக்கான்னு பாருங்க. ஒரே பேங்க்ல மொத்தப் பணமும் இருந்தா, டெபாசிட் இன்ஷூரன்ஸ் வட்டியோட சேர்த்து 5 லட்சம் வரைதான்னு சொல்லுங்க.

நாலாவதை முதல்ல செய்யுங்க. அவர் பணத்துமேல உங்களுக்கு அக்கறை இருக்குன்னு தெரிஞ்சா, உங்க எஸ்ஐபி பத்தி அவரே கேட்பார்.